தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் ரயில்

பிரான்ஸில் லியோனிலிருந்து போர்தோவுக்கு நேற்று ரயிலில் போய்ச் சேர்ந்தேன். இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. லியோன் கிழக்கே, போர்தோ மேற்கே. நேர்கோடு போட்டால் சுமார் 430 கிலோமீட்டர். ஆனால் ஏறி உட்கார்ந்தால் வண்டி வடக்கே பாரிசுக்குப் பறக்கிறது! மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், சம்பந்தமே இல்லாத திசையில், இரண்டு மணி நேரம்.

இறக்கிவிடுவது பாரிசின் கார் து லியோன் நிலையத்தில். போர்தோ வண்டி புறப்படுவதோ மோன்பர்னாஸ் என்ற வேறு நிலையத்தில். நடுவில் மெட்ரோ. 14ஆம் எண்ணில் ஒரே நிறுத்தம், ஷாத்லே. அங்கே 4ஆம் எண்ணுக்கு மாற வேண்டும். ஷாத்லேயில் மாறியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். படி, சுரங்கம், திருப்பம், மறுபடியும் படி. முதல் படிக்கட்டிலேயே என் பயணப் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்றது. அப்புறம் கடைசிவரை பெட்டி தரையில் கறகறவென்று தேய, பின்னால் வந்தவர்கள் முதுகில் இடிக்க, தரதரவென்று இழுத்துக்கொண்டே ஓடினேன். கைப்பிடி அழுத்திய சிவப்புக் கோடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கையில் நடைமேடையைத் தொட்டேன். அங்கிருந்து தென்மேற்கே இன்னொரு இரண்டு மணி நேரம். 430 கிலோமீட்டருக்கு 900க்கும் மேல் சுற்றியாயிற்று!

நேராக அதிவேகப் பாதை போடாததற்குக் காரணம், நடுவில் மாசிஃப் சென்ட்ரல் மலை இருக்கிறதாம். சரி, இருக்கட்டும். ஜெர்மனியில் கொலோன்–ஃபிராங்க்ஃபர்ட் நடுவிலும் மலைதான். பழைய பாதை ரைன் நதியோடு வளைந்து வளைந்து போகும். 2002இல் திறந்த அதிவேகப் பாதை மலையைக் குடைந்து நேராகப் போகிறதே!

மலை மட்டும் காரணமில்லை. பாரிசிலிருந்து எல்லைகளுக்கும் கடற்கரைக்கும் ரயில்பாதை போட 1842இலேயே சட்டம் போட்டார்கள். சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி பெரும்பாலான பாதைகள் பாரிசில் போய்க் குவிந்தன. 1981இல் முதல் அதிவேகப் பாதையும் பாரிஸ்–லியோன்தான். 2017இல் போர்தோ பக்கம் நீட்டியதும் பாரிசிலிருந்து வேகமாகப் போகத்தான். ஸ்பெயினிலும் இதே கதை, அங்கே மத்ரித். பார்சிலோனாவும் வலென்சியாவும் ஒரே கடற்கரையில் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே முழு அதிவேகப் பாதை இல்லை. தலைநகரில் வேலை இல்லாதவன் மனிதன் இல்லையா? அவன் நேரம் நேரம் இல்லையா?

அந்தப் பெட்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கட்டைவிரல் அளவுக்குச் சக்கரத்தை மாட்டி விற்கிறார்களே, அவர்களை யார் கேட்பது?