ஸ்டீராய்டு களிம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்

குழந்தைகளின் எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) பற்றிய உங்கள் கட்டுரை பயனுள்ளது. ஆனால் ஸ்டீராய்டு களிம்பை "கவனமாகப் பயன்படுத்தவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அதைப் படித்துப் பயந்து, பட்டும் படாமலும் தடவுகிறவர்கள்தான் அதிகம். முழங்கை மடிப்பைப் புண்ணாகும்வரை சொறிகிற வாண்டு ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு, அதனால் சொல்கிறேன்.

அளவுக்கு எளிய கணக்கு இருக்கிறது. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ட்யூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். காலுக்குக் கொடுத்ததை எடுத்து முகத்தில் பூசிவிடாதீர்கள்.

மாய்ஸ்சரைசருக்கு இந்தக் கஞ்சத்தனமே வேண்டாம். வாசனை சேர்க்காததாக இருந்தால் சரி. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் தொடர வேண்டும்; பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், கட்டுரையின் படத்திலுள்ள சிவப்பு நிறம், கறுத்த தோலில் அப்படித் தெரியாது. பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும், தொட்டால் சொரசொரக்கும்.

மஞ்சள் பொருக்கு கட்டி நீர் வடிந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். காய்ச்சலோடு வலிக்கிற கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பினால் ஹெர்பிஸ் வைரஸாக இருக்க வாய்ப்புண்டு. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.