பார்க்கை கடைசியா வரையாதீங்க

எங்க அப்பா தினமும் காலைல ஆறு மணிக்கு மொட்டை மாடியில வாக்கிங் போறாரு. சட்டைப் பாக்கெட்டுல நாப்பது புளியங்கொட்டை போட்டுக்குவாரு, ஒரு சுத்து முடிஞ்சா ஒரு கொட்டையை எடுத்து தண்ணி டேங்க் மேல வெப்பாரு, நாப்பதும் அங்க வந்துடுச்சுன்னா அன்னிக்கு நடை முடிஞ்சுது. 71 வயசு. ஊர்ல இருந்த வரைக்கும் விடியக்காலைல எழுந்து வாய்க்கா ஓரமாவே ரெண்டு மைல் நடந்து, வேப்பங்குச்சியால பல் தேய்ச்சுக்கிட்டே வீட்டுக்கு வர்ற மனுஷன். அவரை இங்க கூட்டிட்டு வந்து மாடியில சுத்த விட்டுட்டேனேன்னு ஒவ்வொரு நாளும் மனசுல குத்துது.

தெருவுல நடக்கக் கூடாதான்னு கேப்பீங்க. நடந்தாரு, முதல் ரெண்டு மாசம். எங்க லேஅவுட்டு ரோட்டுல காலைல அஞ்சரைக்கே தண்ணி லாரி வர ஆரம்பிச்சுடும், கட்டிட வேலை நடக்குற ப்ளாட்டுக்கு ஜல்லி லாரி, எம்சாண்ட் லாரி, நடைபாதைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, ஓரமா ஒதுங்கலாம்னா அங்க செங்கல் அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒரு நாள் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒதுங்கப் போயி கால் பிசகி விழுந்துட்டாரு. அதோட மாடி தான்.

நாங்க கூடுவாஞ்சேரியில இருந்து உள்ள தள்ளி இருக்கோம். 2017ல ப்ளாட் வாங்குனோம். அப்போ அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியவே கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட் உத்தரவு போட்டிருந்த நேரம், அதனால டிடிசிபி, அதாவது அரசோட நகர் ஊரமைப்புத் துறை, அப்ரூவ் பண்ணதான்னு பத்து தடவை கேட்டு தான் வாங்குனோம். சாலை எத்தனை அடி, பட்டா தனியா வருமா, லோன் கிடைக்குமா, எல்லாம் விசாரிச்சோம். பார்க் எங்கன்னு மட்டும் கேக்கல. ப்ரோஷர்ல பச்சைப் புல்லு, ஊஞ்சல், பெஞ்சுல உக்காந்திருக்குற வயசான தம்பதி எல்லாம் போட்டிருந்தாங்க, அது போதும்னு நெனச்சுட்டோம்.

வீடு கட்டி குடி வந்தப்புறம் தான் அந்த பார்க்கைப் போய் பார்த்தேன். லேஅவுட்டோட கடைசி மூலை. மேல ஹைடென்ஷன் லைன் போகுது. மூணு பக்கமும் கோணல் மாணலா ஒரு முக்கோணத் துண்டு, மனையா விக்க முடியாத இடம்னு பார்த்தவுடனே தெரியும். சீமைக் கருவேலம் ஆளு உயரத்துக்கு வளர்ந்து கெடக்கு, அதுக்குள்ள துருப்பிடிச்ச ஒரு சறுக்கு மரம், வாசல்ல 'இந்த இடம் ஊராட்சிக்குச் சொந்தமானது'ன்னு ஒரு போர்டு, கேட்டுல பூட்டு. பூட்டுக்கு சாவி யார்கிட்டன்னு நாலு வருஷமா கேட்டுட்டு இருக்கோம். ஊராட்சியில கேட்டா பில்டர் ஒப்படைக்கலங்குறாங்க, பில்டர் ஆபீஸ்ல கேட்டா அப்பவே எழுதிக் கொடுத்தாச்சுங்குறாங்க.

இதுக்கு சட்டம் இல்லாம இல்ல. இப்ப இருக்குற 2019 தமிழ்நாடு கட்டிட விதிகள்ல ஓஎஸ்ஆர்னு தெளிவா போட்டிருக்கு, திறந்தவெளி ஒதுக்கீடு. இடம் 10,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா, அதாவது நம்ம கணக்குல சுமார் ரெண்டரை ஏக்கர், ரோடு போக மீதியில 10 சதவீதத்தை பார்க்குக்கும் விளையாட்டுத் திடலுக்கும் விட்டு, காசு வாங்காம தானப்பத்திரம் எழுதிப் பதிஞ்சு கொடுத்துடணும். 3,000 சதுர மீட்டருக்குள்ள இருந்தா ஒண்ணும் கொடுக்க வேண்டாம், நடுவுல இருக்குறவங்க இடம் விட வழியில்லன்னா அதோட மதிப்பை பணமா கட்டலாம். இதுக்கு முன்னாடி சென்னையில இருந்த ஓஎஸ்ஆர் விதியே செல்லாதுன்னு சிலர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 2023 பிப்ரவரியில விதி செல்லும்னு தீர்ப்பு வந்துடுச்சு. அதுக்கும் முன்னாடி 1991லயே பெங்களூர்ல ஒரு லேஅவுட்டுல பார்க்குக்குன்னு விட்ட இடத்தை தனியார் நர்ஸிங் ஹோமுக்கு தூக்கிக் கொடுத்ததை எதிர்த்து அங்க குடியிருந்தவங்க கேஸ் போட்டு, ஒதுக்கினது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டுல ஜெயிச்சாங்க. ஆக எவ்வளவு இடம் விடணும், விட்ட இடத்தை வேற எதுக்கும் எடுக்கக் கூடாதுங்குற வரைக்கும் சட்டம் நம்ம பக்கம் தான் இருக்கு.

என் ஆதங்கம் வேற. அந்த 10 சதவீதம் எங்க இருக்கணும்னு யாரு முடிவு பண்றாங்க? எனக்குத் தெரிஞ்சு எல்லா இடத்துலயும் மனையைத் தான் முதல்ல வரையறாங்க. மெயின் ரோட்டைப் பார்த்த மனை, கார்னர் மனை, கெழக்கு பார்த்த மனை, வாஸ்துக்கு ஏத்த மனை, எல்லாம் வரைஞ்சு முடிச்சு மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்குற துண்டுல பச்சை அடிச்சு பார்க்னு எழுதிடறாங்க. அளவு சரியா இருந்தா அப்ரூவல் ஆயிடுது. பக்கத்து லேஅவுட்டுல பார்க் எங்க வருது, பின்னாடி ஏரி இருக்கா, வாய்க்கா போகுதா, இதெல்லாம் சேர்த்து வெச்சுப் பார்க்குறவங்க யாருமே இல்ல.

எங்க லேஅவுட்டையும் சேர்த்து இங்க வரிசையா நாலு லேஅவுட் இருக்கு. நாலுக்கும் பின்னாடி ஒரே ஏரி. எங்க பார்க் 28 சென்ட். மத்த மூணையும் ப்ளான் வாங்கிப் பார்த்து கூட்டுனேன், மொத்தம் ஒண்ணேகால் ஏக்கர் கிட்ட வருது. நாலும் நாலு மூலையில தனித்தனியா கெடக்கு, நாலுலயும் கருவேலம். அதே ஒண்ணேகால் ஏக்கரை ஏரிக்கரை ஓரமா 33 அடி அகலத்துக்கு நீட்டிப் போட்டிருந்தா அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை கிடைச்சிருக்கும், ரெண்டு பக்கமும் மரம் வெச்சு, நடுவுல ஒரு இடத்துல கொஞ்சம் அகலமா விட்டு புள்ளைங்க விளையாட. ஒரு சென்ட் கூட யாரும் அதிகமா கொடுக்க வேண்டியதில்ல. பில்டருக்கு ஒரு ரூபா நஷ்டம் இல்ல. வரையறதுக்கு முன்னாடி நாலு ப்ளானையும் ஒரே டேபிள்ல வெச்சிருந்தா போதும்.

நடக்கலயே. நாலு லேஅவுட்டும் சுத்தி காம்பவுண்டு போட்டுட்டாங்க, சுவர் மேல கண்ணாடி பதிச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு வாசல், அது மெயின் ரோட்டுப் பக்கம். இதோட கஷ்டம் என்னன்னா என் பொண்ணு படிக்கிற ஸ்கூல் ஏரிக்கு அந்தாண்ட இருக்கு. கரை மேல நடந்தா அஞ்சாறு நிமிஷம். ரோடு வழியா சுத்திப் போனா ரெண்டரை கிலோமீட்டர், அதுவும் லாரி போற ரோடு, அதனால தினம் வண்டியில கொண்டு போய் விட்டுட்டு கூட்டிட்டு வரணும். கொஞ்ச நாள் பின் சுவர்ல ஒரு இடத்துல கல்லு பேர்ந்து ஓட்டை இருந்துச்சு, புள்ளைங்க அது வழியா குனிஞ்சு போயிட்டு இருந்தாங்க. ஆடு மாடு உள்ள வருதுன்னு அதையும் பூசிட்டாங்க. பூசுன அன்னிக்கு என் பொண்ணு அந்த ஈர சிமெண்டைப் பார்த்துட்டே நின்னா. "நாளைக்கு நான் எப்டிமா போறது"ன்னு கேட்டா.

அந்தக் கரையில ஆடு மேய்க்கிற ஒரு தாத்தா இருக்காரு, ஞாயித்துக்கிழமை ஊரைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போனப்ப பேசுனேன். "இந்தக் கரை மேல தான்மா நாங்க எல்லாம் நடந்து பள்ளிக்கூடம் போனோம், சந்தைக்குப் போனோம். கலங்கல்ல தண்ணி வழிஞ்சா மட்டும் கொஞ்சம் சுத்திப் போவோம். இப்ப உங்க ஆளுங்க ஒருத்தரும் இந்தப் பக்கம் வர்றதில்லையே"ன்னாரு. நாங்க ஏதோ புதுசா பாதை வேணும்னு கேட்டுட்டு இருக்கோம், பாதை ஏற்கெனவே இருந்திருக்கு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் ஏரி இருக்கும், ஒரு ஏரி நிறைஞ்சு கலங்கல் வழிஞ்சு வாய்க்கா வழியா அடுத்த ஏரிக்குப் போகும், அந்த வாய்க்கா ஓரமும் கரையும் தான் ஊருக்கு ஊர் நடக்குற வழி. ஊரே நடந்து நடந்து போட்டு வெச்ச பாதையை நாம காம்பவுண்டு போட்டு வெட்டிட்டோம்.

நம்ம ஆளுங்களுக்கு இது தெரியாததுன்னு சொல்ல முடியாது. தி.நகரை எடுத்துக்குங்க. 1920கள்ல அந்தக் குடியிருப்பு வரும்போது பனகல் பார்க்கை ஊருக்கு நடு மையமா வெச்சு, பெரிய ரோடெல்லாம் அங்க வந்து சேர்ற மாதிரி போட்டாங்க. இத்தனை கடைக்கூட்டத்துக்கு நடுவுலயும் அந்த பார்க் இன்னிக்கு வரைக்கும் நிக்குதுன்னா அது இருக்குற இடம் தான் காரணம், எல்லார் கண்ணுலயும் படுற இடத்துல இருக்குறதை யாராலயும் சத்தமில்லாம எடுத்துக்க முடியாது. ஆனா அதே தி.நகர் லாங் டேங்க்னு சொல்ற பெரிய ஏரியை வத்த வெச்சு எழும்புன ஊரு, அதையும் சொல்லியாகணும். பார்க்கை நடுவுல வெச்சதைக் கத்துக்கணும், ஏரியை மூடுனதைக் கத்துக்கக் கூடாது.

போன வருஷம் சிங்கப்பூர்ல தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன், பொங்கோல்ங்குற இடத்துல ஹெச்டிபி வீடு, அதாவது அரசாங்கம் கட்டுன அடுக்குமாடி வீடு. அதுவும் நம்ம மாதிரி புதுசா வந்த புறநகர் தான். அங்க வீடுகளுக்கு நடுவுல 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்வழி வெட்டியிருக்காங்க, ரெண்டு கரையிலயும் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை, 2011லயே திறந்தாச்சு. அப்பாவும் கூட வந்திருந்தாரு. முதல் நாள் காலைல போனவரு ஒன்றரை மணி நேரம் ஆகியும் வரல, நாங்க பயந்துட்டோம், அவரு சாவகாசமா வந்து "நம்ம ஊரு வாய்க்காங்கரை மாதிரியே இருக்குடா"ன்னு தம்பிகிட்ட சொன்னாரு. அங்க தொண்ணூறுகள்ல இருந்தே பார்க் கனெக்டர்னு போட்டுட்டு வர்றாங்க, ஒரு பார்க்கையும் இன்னொரு பார்க்கையும் இணைக்கிற பாதை, இப்ப நாடு பூரா 300 கிலோமீட்டருக்கு மேல. அதுல நிறைய இடத்துல புதுசா நிலமே வாங்கல, மழைநீர் கால்வாய் ஓரமா பராமரிப்புக்குன்னு விட்டிருந்த இடத்தையே பாதையாக்கிட்டாங்க. அவங்க பணக்கார நாடு, நம்மால முடியுமான்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இதான், வாய்க்கா ஓரம் நம்மகிட்டயும் இருக்கு, அவங்களைவிட அதிகமாவே இருக்கு.

குஜராத்துல 1976 சட்டப்படி டவுன் ப்ளானிங் ஸ்கீம்னு ஒண்ணு பண்றாங்க. அகமதாபாத் வளரும்போது புதுசா ஊராகப் போற வயக்காட்டை மொத்தமா எடுத்து, எல்லார் நிலத்தையும் ஒண்ணா சேர்த்து, ரோட்டுக்கும் பார்க்குக்கும் ஸ்கூலுக்கும் எடுத்துட்டு மீதியை நேர்த்தியா வெட்டி அவங்கவங்களுக்கே திருப்பிக் கொடுத்துடறாங்க. பார்க் எங்க வேணுமோ அங்க வருது, ஒருத்தரோட மூலைத் துண்டா வர்றதில்ல. அதுலயும் சண்டை இருக்கு, இழுபறி இருக்கு. ஆனா யோசிக்கிற வரிசை சரியா இருக்கு.

இங்க இதை இப்பவே பேசணும்னு நான் பதர்றதுக்குக் காரணம் இருக்கு. 2022ல சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904 ஆக்கியாச்சு. அஞ்சு மடங்கு. அதுல பெரும்பகுதி இன்னும் வயலும் ஏரியும் தோப்பும் தான். இப்ப இருக்குற மாஸ்டர் ப்ளான் 2026 வரைக்கும் போட்டது, அடுத்தது வரணும். அடுத்த ப்ளான்ல ஏரிக்கரைக்கும், ஏரிக்குத் தண்ணி வர்ற வரத்துக்காலுக்கும், வெளிய போற போக்குக்காலுக்கும் முதல்ல கோடு போட்டு, அதை ஒட்டி வர்ற ஒவ்வொரு லேஅவுட்டும் தன்னோட 10 சதவீதத்தை அந்தக் கோட்டைத் தொட்டு தான் விடணும், பக்கத்து லேஅவுட்டோட பார்க்கோட அது சேரணும், அங்க காம்பவுண்டு வரக் கூடாது, வழி விடணும்னு ஒரு விதி போட்டா போதும். 2015 டிசம்பர்ல முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்குனதை நாம யாரும் மறக்கல. வாய்க்கா ஓரம் பார்க்கா இருந்தா வெள்ளம் ரெண்டு நாள் நின்னுட்டுப் போகும், ஒரு பெஞ்சு நனையும், அவ்வளவு தான். அதே இடத்துல வீடு இருந்தா என்ன ஆகும்னு அந்தப் பக்கத்து ஜனங்களைக் கேளுங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், பாதைன்னு சொன்னவுடனே ஏரிக்குள்ள மண்ணைக் கொட்டி கரையை அகலப்படுத்தி பேவர் ப்ளாக் பதிச்சு கலர் லைட் போட்டுடாதீங்க. ஏரி சுருங்கிடும். மண்ணு பாதை போதும். பனையும் புங்கனும் போதும். உக்கார நாலு கல்லு, பொம்பளைங்க சாயங்காலம் பயமில்லாம நடக்குற அளவுக்கு வெளிச்சம்.

சுவரை எடுத்தா திருட்டு பயம்னு எங்க அசோசியேஷன்ல சொல்றாங்க. அந்த பயத்தை நான் குறைச்சு சொல்லல, நானும் பொண்ணை வெச்சுட்டு இருக்குறவ தான். ஆனா இன்னிக்கு அந்தப் பின்பக்கம் ஆள் நடமாட்டமே இல்ல, ராத்திரி அங்க குடிக்கிறவங்க தான் உக்காந்திருக்காங்க, காலைல பாட்டில் கெடக்கு. காலைலயும் சாயங்காலமும் நூறு பேர் நடக்குற இடமா அது மாறினா அவங்க தானா நகர்ந்துடுவாங்க. சுவரை முழுசா இடிக்கச் சொல்லல, நாலடி அகலத்துக்கு ஒரு திட்டிவாசல் வைங்க, ராத்திரி பூட்டிக்கலாம்.

ப்ளாட் பார்க்கப் போறவங்க தயவு செஞ்சு ப்ரோஷரை மூடி வெச்சுட்டு அப்ரூவ்ட் லேஅவுட் ப்ளானைக் கேளுங்க. அதுல ஓஎஸ்ஆர் எங்கன்னு பார்த்து அந்த இடத்துக்கே நடந்து போங்க. தானப்பத்திரம் பதிஞ்சாச்சா, பத்திர நம்பர் என்ன, வில்லங்கம் போட்டுப் பாருங்க. நான் பண்ணாத வேலை இது. நான் வில்லங்கம் போட்டதே ஆறு வருஷம் கழிச்சு தான், எங்க 28 சென்ட் ஊராட்சி பேருக்குப் பதிஞ்சிருக்குன்னு அதுல தெரிஞ்சுது, நகல் வாங்கி வெச்சிருக்கேன். இனிமே ஒப்படைக்கலன்னு யாரும் சொல்ல முடியாது.

வர்ற அக்டோபர் 2 கிராம சபையில அந்த நகலோட மனு கொடுக்கப் போறோம். பூட்டைத் திறந்து கருவேலத்தை எடுக்கணும், பின் சுவர்ல ஒரு திட்டிவாசல் வெச்சு கரைக்கு வழி விடணும், மத்த மூணு லேஅவுட்டுக்கும் அதே மாதிரி. இதுவரைக்கும் 64 வீட்டுல கையெழுத்து வாங்கியிருக்கோம், முதல் கையெழுத்து அப்பாவோடது. பக்கத்து லேஅவுட்டுக்காரங்க இதைப் படிச்சா மெசேஜ் பண்ணுங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க வீட்டு மாடியில உக்காந்து பேசலாம். அங்கிருந்து பார்த்தா ஏரி நல்லாத் தெரியும்.