முதலில் சாவியை வாங்குங்கள்

ஓட்டுநர் உரிமம் வாங்கிச் சில மாதம்கூட ஆகாத பையன் மணிக்கு 180, 200 கிலோமீட்டர் வேகத்தில் பிடிபட்டான் என்று செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு குரல்கள் எழும். "தூக்கி உள்ளே போடுங்கள், அப்போதுதான் புத்தி வரும்" என்பது ஒன்று. "சின்னப் பையன், அவன் எதிர்காலத்தைக் கெடுக்காதீர்கள், அபராதம் போட்டு அனுப்புங்கள்" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. அவன் ஓட்டிய வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் நான் முதலில் கேட்க விரும்புவது. அபராதச் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு அதே வண்டியில் வீட்டுக்குப் போயிருந்தால், அவனுக்கு யாரும் எதையும் உணர்த்தவில்லை என்றுதான் அர்த்தம்.

இது ஏதோ கொஞ்சம் கூடுதல் வேகம் என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 180 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 50 மீட்டர் போகிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கே சுமார் ஒரு விநாடி ஆகும். அதற்குப் பிறகு காய்ந்த சாலையில் நல்ல டயரோடு அழுத்திப் பிடித்தாலும், வண்டி முழுதாக நிற்பதற்குள் மொத்தம் 225 மீட்டரைத் தாண்டியிருக்கும். 60 கிலோமீட்டரில் அதே வண்டி ஏறக்குறைய 37 மீட்டரில் நின்றுவிடும். வேகம் மூன்று மடங்கானால், பிரேக்கை அழுத்திய பிறகு வண்டி ஓடும் தூரம் மட்டும் ஒன்பது மடங்காகிறது. ஓட்டுபவன் எவ்வளவு திறமைசாலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சாலையைக் கடக்கிறவரின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரு பெண்மணி சாலையோரம் நிற்கிறார். கார் 200 மீட்டர் தள்ளி வருகிறது. வழக்கமான வேகத்தில் வரும் வண்டியாக இருந்தால் அவருக்குப் பன்னிரண்டு விநாடி இருக்கிறது, நிதானமாகக் கடந்துவிடலாம். வாழ்நாள் முழுக்கச் சாலையைக் கடந்து பழகிய கண் அப்படித்தான் கணக்குப் போடும். ஆனால் இந்த வண்டி நான்கே விநாடியில் அவர் மீது வந்துவிடும். அவர் செய்தது சரியான கணக்கு. அந்தக் கணக்கையே பொய்யாக்கியவன் ஓட்டுநர். ஆனாலும் விபத்துக்குப் பிறகு "திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்" என்று இறந்தவர் மேலேயே பழி விழுகிறதே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொதிக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்பவர்கள் இதைத்தான் யோசிக்க வேண்டும். அன்றைக்கு அந்த இடத்தில் யாரும் கடக்கவில்லை, அவ்வளவுதான்.

உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் இதுதான். அதாவது இந்தப் பையன்களும் அவர்கள் பக்கத்து இருக்கையில் உட்காரும் நண்பர்களும் உள்ள வயது.

சரி, அபராதம் ஏன் போதாது? கட்டுவது அவன் இல்லை, அப்பா. வசதியான வீட்டுக்கு அது ஒரு செலவுக் கணக்கு. இல்லாத வீட்டில் தப்பே செய்யாத அம்மாவின் சேமிப்பு போகும். பின்லாந்தில் வருமானத்துக்கு ஏற்ப அபராதம் போடுகிறார்கள். 2023இல் 50 கிலோமீட்டர் வேக எல்லை உள்ள இடத்தில் 82இல் போன ஒரு பெரும் பணக்காரர் 1,21,000 யூரோ கட்ட வேண்டியிருந்தது. நல்ல ஏற்பாடுதான், மனதார வரவேற்கிறேன். ஆனால் 19 வயது மாணவனுக்கு வருமானமே கிடையாது. அவன் விஷயத்தில் அந்தச் சட்டத்தின் பல் மழுங்கிவிடும்.

சிறை? சுவிட்சர்லாந்து 2013இல் அந்த வழியில் போனது. எல்லை மீறிய அளவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், யாருக்கும் அடிபடாவிட்டாலும் குறைந்தது ஓராண்டுத் தண்டனை என்று வைத்தார்கள். எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதாக விமர்சனம் எழுந்து, 2023இல் நீதிபதிகளுக்கு அதைக் குறைக்கும் அதிகாரம் கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. முதல் முறை பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையனை ஓராண்டு சிறையில் வைத்தால், படிப்பும் வேலையும் போய், வெளியே வரும்போது எதைப் பற்றியும் அக்கறை இல்லாதவனாக வரக்கூடும். அப்புறம் அவன் ஓட்டும் விதம் மேலும் மோசமாகாது என்று யார் சொல்ல முடியும்?

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. 2024 மே மாதம் புனேயில் சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்ட 17 வயதுப் பையனுக்குப் பிணை கொடுத்தபோது சிறார் நீதி வாரியம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுவது. நாடே கொதித்தது, கொதித்ததில் தவறில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அந்தச் செய்தி எப்படிப் போய் விழுந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

எனக்குச் சரியென்று படுவது டென்மார்க் செய்வது. 2021 முதல் அங்கே 200 கிலோமீட்டரைத் தாண்டினாலோ, 100க்கு மேல் போய் எல்லையைப் போல் இரண்டு மடங்கைக் கடந்தாலோ வண்டி அரசுக்குப் போய்விடும். அந்த ஆண்டே ஒருவர் ஜெர்மனியில் புது லம்போர்கினி வாங்கிக்கொண்டு டென்மார்க் வழியாக நார்வேக்கு ஓட்டிப் போனார். 236இல் பிடிபட்டார். வாங்கிச் சில மணி நேரத்தில் கார் போயிற்று. கனடாவின் ஒன்டாரியோவில் பறிமுதல் இல்லை, ஆனால் எல்லையைவிட 50 கூடுதலாகப் போனால் சாலையோரத்திலேயே உரிமம் 30 நாளுக்கும் வண்டி 14 நாளுக்கும் பிடுங்கப்படும். வழக்கு, வாய்தா எல்லாம் அப்புறம்தான். அந்த வயதில் ஆறு மாதம் கழித்து வரும் தீர்ப்பு தூரத்து இடிச் சத்தம் மாதிரி. அன்றிரவு நடந்து வீடு போவது மறக்காது. நண்பர்கள் முன்னால் காட்டத்தான் பாதி வேகம். அதே நண்பர்கள் பார்க்க வண்டி இழுத்துச் செல்லப்பட வேண்டும்.

வண்டி அவனுடையது இல்லையே, அப்பாவுடையதாயிற்றே என்பார்கள். ஆஸ்திரியா 2024இல் கொண்டுவந்த சட்டத்தில் இந்தத் தயக்கம் இருக்கிறது. ஓட்டியவரின் சொந்த வண்டியானால் ஏலம் வரை போகலாம்; வேறொருவருடையதென்றால் ஏலம் கிடையாது, அந்த வண்டியை அவர் இனி ஓட்டக் கூடாது என்ற தடைதான். டென்மார்க் இந்த வேறுபாடு பார்க்கவில்லை, வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் காரையும் எடுத்துக்கொள்கிறது. திருட்டுப்போன வண்டியை விட்டுவிடலாம். மற்றபடி நான் டென்மார்க் பக்கம். சாவியைக் கொடுத்தவருக்கும் இழப்பு வர வேண்டும், வந்தால்தான் அடுத்த முறை கொடுக்குமுன் யோசிப்பார். இந்தியாவில் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரையோ உரிமையாளரையோ பொறுப்பாக்கி, 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதம் வண்டிப் பதிவு ரத்து என்று சொல்கிறது. பையனுக்குப் பதினெட்டு ஆனதும் இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் வேக வெறி பிறந்தநாள் பார்த்து அடங்குவதில்லையே.

திரும்ப ஓட்ட விடும்போதும் ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது. பிரிட்டனில் உரிமம் வாங்கிய இரண்டு ஆண்டுக்குள், போக்குவரத்துக் குற்றங்களுக்காக உரிமத்தில் ஏற்றப்படும் தண்டனைப் புள்ளி ஆறு சேர்ந்தால் உரிமம் ரத்தாகிவிடும். மறுபடி பழகுநராகத் தொடங்கி, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் எழுதித் தேற வேண்டும். அதோடு அவன் ஓட்டும் வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் வேக எல்லையை நினைவூட்டும் அமைப்பு இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் அதை மீறிப் போகலாம், அணைத்தும் வைக்கலாம். நான் கேட்பது அவனால் அணைக்கவே முடியாத ஒன்று. குறைந்தது இரண்டு ஆண்டு. அவன் வேலைக்குப் போகட்டும், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகட்டும், எல்லாம் எல்லைக்குள்.

சிறையே வேண்டாமா என்றால், வேண்டும். பந்தயம் விட்டு ஆளைக் கொன்றால், காவலர் நிறுத்தியும் நிற்காமல் பறந்தால், உரிமம் போன பிறகும் இரவல் வண்டியில் மறுபடி அதே வேகத்தில் பிடிபட்டால். பெர்லினில் 2016இல் நடுநகரில் பந்தயம் விட்டு ஒரு முதியவரைக் கொன்ற வழக்கில் கொலைக் குற்றத்துக்கே தண்டனை கொடுத்தார்கள். கொடுத்த வாய்ப்பையெல்லாம் உதறிவிட்டு மறுபடி அந்த இருக்கையில் ஏறுகிறவனுக்காக அப்போது நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன்.