அது அழுக்கில்லை, மண்டி

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு ஃபார்வர்ட் பண்ண வேண்டாம். பார்த்தாச்சு. ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு ஒயின், 2001 அறுவடை, அதுவும் நெடுநாள் முதிர்த்த கிரான் ரிசர்வா வகை. ஒருத்தர் படுக்க வைத்திருந்த பாட்டிலைத் தூக்கி ஆட்டி, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்து, "அழுக்கு மிதக்குது, கலரும் வெளுத்துடுச்சு, ஏமாத்திட்டாங்க" என்று சிங்க்கில் ஊற்றிவிட்டார். கீழே சிரிப்பு எமோஜி வரிசை.

அழுக்கில்லை சாமி, மண்டி. துவர்ப்பு தரும் டானினும் நிறமியும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து, கனம் தாங்காமல் அடியில் படிவது. கருஞ்சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமாவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைக்கணும். இருபது வருஷ கார்க் ஊறிப்போயிருக்கும்; திருகாணி போட்டால் நடுப்பகுதி மட்டும் பிய்ந்து வரும், மிச்சம் உள்ளே உதிரும். இரண்டு தகடு உள்ள திறப்பானைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாற்றி மாற்றி இறக்கி, முறுக்கியபடி இழுக்கணும். கழுத்துக்குக் கீழே ஒரு வெளிச்சம் வைத்து, கை நிறுத்தாமல் டிகாண்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி, கலங்கல் பாட்டிலின் தோளுக்கு வந்ததும் நிறுத்தணும். இரண்டு விரல் அளவு போகும், போகட்டும். சூடு 16–18 டிகிரி. நம்மூர் அறைச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கைத் தாக்கும்.

திறந்ததும் பூட்டிக் கிடந்த அறை வாடை வரலாம். பத்து நிமிஷம் பொறுத்தால் புகையிலை, தோல், உலர்ந்த அத்தி, அமெரிக்க ஓக் தந்த வனிலா எல்லாம் மேலே வரும். இளம் ஒயின் மாதிரி மணிக்கணக்கில் காற்றாட விட்டால் வந்த மணமும் போய்விடும்.

"கெட்டே போயிருந்தால்?" நியாயமான கேள்வி. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் கார்க் கெடுத்தது, அதற்கு வைத்தியமில்லை. வினிகர் நெடியும் அப்படியே. ஆனால் அவர் முகர்ந்தே பார்க்கலையே!

"பணக்காரத் திமிர்" என்கிறவர்களுக்கு: இதே வயசு பிரெஞ்சு போர்டோ ஒயின் என்ன விலை என்று பார்த்துவிட்டு வாருங்கள். "அவர் காசு, அவர் இஷ்டம்." ரொம்ப சரி. தெரியாமல் கொட்டியதில்கூட எனக்கு வருத்தமில்லை. "ஏமாத்திட்டாங்க" என்றாரே, அதுதான். கிரான் ரிசர்வா என்று லேபிளில் போட, குறைந்தது 5 வருடம் வைத்திருக்கணும், அதில் 2 வருடமாவது ஓக் பீப்பாயில். ரியோஹாவின் ஹாரோ ஊரில் இன்றைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெளிவு பார்த்து, கையாலேயே பீப்பாய் மாற்றி, மண்டி நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறமும் பாட்டிலுக்குள் படியத்தான் செய்யும். அந்த ஆட்களா ஏமாற்றுக்காரர்கள்?

விளக்கம் சொன்ன எனக்கு "ஒயின் வாத்தியார்" பட்டம் வேறு. இருக்கட்டும். அடுத்த பாட்டிலைக் கொட்டத் தோன்றினால், வாத்தியார் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். நிமிர்த்தியபடி.