சுத்தமா இருங்க மேடம்

மூன்று நாளாக இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு தம்பி கோழிக்குழம்பு வைத்துப் போட்ட அந்தச் சமையல் ரீலுக்குக் கீழே நான் போட்ட நாலு வரியையும், அதற்கு வந்த பதில்களையும் உங்களில் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பியவர்கள் மட்டும் ஏழு பேர். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. முக்கியமாக, அந்தத் தம்பியின் ரசிகர் ஒருவர் எழுதிய ஒரு பதிலைப் பற்றிப் பேச வேண்டும்.

"உங்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தா அதுக்குக் கோழி என்ன பண்ணும்? முதல்ல நீங்க சுத்தமா இருங்க மேடம்."

அதற்கு இருநூற்றுச் சொச்சம் சிரிப்பு எமோஜி.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? அந்தத் தம்பி குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கோழியை அலசுகிறார். தண்ணீர் மேடையெல்லாம் தெறிக்கிறது. ஒரு சாண் தள்ளித் தயிர்ப் பச்சடிக்கு நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லியும் திறந்து கிடக்கின்றன. அதே கையோடு மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்கிறார், அதே கையோடு செல்போனைத் திருப்பி வைக்கிறார். "தம்பி, பச்சைக்கறி தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு மத்ததைத் தொடுங்க. வயித்துப்போக்கு மட்டுமில்ல, நீர்க்கடுப்புக்கும் இது ஒரு வழி" என்று எழுதினேன். சமையலைக் குறை சொல்லவில்லை. அவர் வைத்த குழம்பு நன்றாக இருந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோழி என்ன பண்ணும் என்று கேட்டீர்களே, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

சிறுநீர்த் தொற்று வரும் பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் அதற்குக் காரணம் ஈ.கோலை என்ற ஒரே கிருமி. அது குடலில் வாழ்வது. நம் குடலிலும் உண்டு, கோழி குடலிலும் உண்டு. கோழியை அறுத்துக் குடலை உருவும்போது கறியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. கறியில் இருந்து கைக்கு, கையில் இருந்து கத்திக்கு, கத்தியில் இருந்து வெள்ளரிக்காய்க்கு, அங்கிருந்து வாய்க்கு. கெட்டுப்போன சாப்பாடு என்றால் அன்றைக்கு ராத்திரியே வயிறு காட்டிக் கொடுத்துவிடும். நீர்க்கடுப்பு தருகிற வகை ஈ.கோலை அப்படி இல்லை. உள்ளே போய் ஒரு தொந்தரவும் தராமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடக் குடலில் தங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் சிறுநீர்த் துவாரத்துக்கு நகரலாம். பெண்ணுக்குச் சிறுநீர்க்குழாய் சுமார் நாலு சென்டிமீட்டர்தான். ஏறிப்போவதற்குத் தூரமே இல்லை. பங்குனியில் தின்ற பச்சடியை ஆனியில் வந்த நீர்க்கடுப்போடு யார் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள்? அதனால்தான் இத்தனை காலம் இது யார் கண்ணிலும் படவில்லை.

இது என் கற்பனையும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் 2012-இல் கடைகளில் விற்ற கோழி, வான்கோழி, பன்றிக்கறிகளை வாங்கிச் சோதித்தார்கள். அதே காலத்தில் அந்த ஊர் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் சிறுநீரில், ரத்தத்தில் இருந்த ஈ.கோலையையும் எடுத்து, இரண்டையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். 2,452 கறி மாதிரிகளில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தில் ஈ.கோலை இருந்தது. கோழிக்கறியில் இருந்த ஒரு வகையும் நோயாளிகளிடம் இருந்த ஒரு வகையும் பங்காளிகளாக இருந்தன. 2018-இல் அதை வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லான்ஸ் பிரைஸ், சிண்டி லியு ஆகியோர் அதோடு நிற்கவில்லை. 2025 அக்டோபரில் தெற்குக் கலிஃபோர்னியா பற்றி வந்த ஆய்வில், ஈ.கோலையால் வந்த சிறுநீர்த் தொற்றுகளில் சுமார் 18 சதவீதம் கறி விலங்குகளில் இருந்து வந்த வகை என்று கணித்திருக்கிறார்கள். ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் வருமானம் குறைந்த பகுதிகளில் இருப்பவர்களுக்கு ஆபத்து 60 சதவீதம் கூடுதல்.

"அது அமெரிக்கா மேடம்." தெரியும். அந்த 18-ஐத் தூக்கி மதுரை மேல் வைக்கச் சொல்லி நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் கிருமிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அங்கே கோழி குடலில் இருப்பது இங்கே இல்லாமல் போகாது.

"நாங்க கண்ணு முன்னாடி உயிர்க்கோழி அறுத்து வாங்குறோம், ஃப்ரெஷ்." கடையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரே கட்டை. அதன்மேல்தான் குடலை உருவுகிறார்கள், அதன்மேல்தான் துண்டு போடுகிறார்கள். முந்தின ஆளின் கோழியை முக்கி எடுத்த அதே வாளித் தண்ணீரில்தான் உங்கள் கோழியும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவரால் வேறென்ன செய்ய முடியும்? இப்போதுதான் செத்தது என்பதால் அதன் குடலில் இருந்ததும் செத்துவிடாது, அதைத்தான் சொல்கிறேன்.

"மஞ்சள் போட்டுக் கழுவுறோமே." போடுங்கள், நானும் போடுகிறேன். கவிச்சி போகும். உப்போ எலுமிச்சையோ மஞ்சளோ போட்டு இரண்டு நிமிடம் பிசறினால் கிருமி ஒழிந்துபோகாது. அடுப்புச் சூட்டில்தான் ஒழியும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் போதும். நம் குழம்பு கொதிக்கிற கொதிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. நான் பயப்படுவது அடுப்பில் ஏறாத சாமான்களைப் பார்த்துத்தான். பச்சடி, கொத்தமல்லி, தண்ணீர்ச் சொம்பு, உப்பு ஜாடியின் மூடி, ஃபிரிட்ஜ் கைப்பிடி, மேடை துடைக்கிற அந்தக் கரித்துணி.

கழுவவே கூடாதா என்று நியாயமாகக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2019-இல் அமெரிக்க விவசாயத் துறை ஒரு சோதனையைப் பற்றி வெளியிட்டது. தீங்கில்லாத ஈ.கோலையைக் கோழியில் தடவிக் கொடுத்துச் சமைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் கிருமி இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேருடையதில் மிச்சம் இருந்தது. கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் கீரை சாலட்டுக்குக் கிருமி போய்ச் சேர்ந்தது. ஆனால் கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலட்டில் அது இருந்தது. இந்தக் கடைசி எண்ணை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன், ஏனென்றால் என் பேச்சே அதில்தான் இருக்கிறது. கோழியைக் கழுவினீர்களா இல்லையா என்பதைவிடப் பெரிய கேள்வி, கையைக் கழுவினீர்களா. நம் கடைக்கறியில் ரத்தமும் இறகுத் துணுக்கும் இருக்கும், கழுவாமல் சட்டியில் போட யாருக்கும் மனசு வராது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசுங்கள், தெறிக்காமல் ஊற்றுங்கள், சிங்க்கைச் சோப்பு போட்டுத் தேயுங்கள். பிறகு கை. சோப்போடு இருபது விநாடி. அதுவரை எதையும் தொடாதீர்கள். நான் சொன்னது இதுதான், இது மட்டும்தான்.

"எங்க பாட்டி காலத்துல இதெல்லாம் பார்த்தாங்களா?" பார்த்தார்கள். உங்கள் பாட்டி எப்படியோ, என் அப்பத்தா பார்த்தது. மேலூர் பக்கம் எங்கள் ஊரில் கறி வீட்டுக்குள்ளேயே வராது. கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அரிவார்கள். கறிக்கென்று தனி அரிவாள்மனை, அது சமையற்கட்டுக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை. கறிக்கென்று தனி மண்சட்டி. கழுவின தண்ணீர் தென்னை மரத்துக்குப் போகும். முடிந்ததும் அப்பத்தா அடுப்புச் சாம்பலை அள்ளி முழங்கை வரை தேய்த்துக் கழுவும். அதற்கு முன்னால் நான் தண்ணீர் கேட்டால், "கைக் கவுச்சிடி, இரு" என்று சொல்லும், சொம்பைத் தொடாது. அப்பத்தாவுக்கு ஈ.கோலை தெரியாது. எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று தெரியும். அதுவும் கோழி அடிப்பது தீபாவளிக்கு, பொங்கல் மறுநாளுக்கு, மருமகன் வந்தால். இப்போது வாரத்துக்கு மூன்று நாள். கொல்லை போய்விட்டது, கிணற்றடி போய்விட்டது. எட்டுக்கு எட்டு சமையலறையில் ஒரே சிங்க், ஒரே பலகை, ஒரே கத்தி. பால் பாத்திரமும் அங்கேதான், கோழியும் அங்கேதான். பாட்டி காலத்துப் பழக்கத்தை விட்டது நாம்தான்.

அடுத்த கூட்டம் ஒன்று. "அதான் சைவத்துக்கு மாறுங்கன்னு சொல்றோம்" என்று வந்து நின்றார்கள். இவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். என் பதிவைக் காட்டி என் சாப்பாட்டையே அசுத்தம் என்று சொல்ல வருகிறீர்கள். கறி தின்கிறவர்கள் என்றால் வீடு நாறும் என்று சொல்லி எத்தனை பேருக்கு இந்த ஊரில் வாடகைக்கு வீடு மறுத்திருக்கிறீர்கள்? நான் கறி சாப்பிடுகிறவள். என் பிள்ளைக்குக் கறி ஊட்டி வளர்த்தவள். நாளைக்கும் எடுப்பேன். ஆயுளில் ஒரு தடவையாவது சிறுநீர்த் தொற்று வரும் பெண்கள் பாதிப்பேர். அதில் முட்டைகூடத் தொடாத வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். கழுவாத கீரையிலும் அழுக்குத் தண்ணீரிலும் ஈ.கோலை வரும். ஒரு சமையல் பழக்கத்தைப் பற்றிச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜனத்தையே தாழ்த்தாதீர்கள்.

சரி, அந்தத் தம்பியின் ரசிகருக்கு வருகிறேன். சுத்தமா இருங்க மேடம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரே வருஷத்தில் மூன்று தடவை வந்தது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடித் துண்டு போவது மாதிரி இருக்கும். மூன்றாவது தடவை குளிர்காய்ச்சலோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில், சீட்டு எழுதுகிற அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அடிக்கடி வருதா? சுத்தமா இருக்கீங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். எதிரே ஒரு பையன் நிமிர்ந்து பார்த்தான். நான் தினம் இரண்டு வேளை குளிக்கிறவள். அன்றைக்கு வாயில் வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை குளித்தேன்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில், அதாவது சிறுநீரில் இருப்பது என்ன கிருமி, அதற்கு எந்த மருந்து பலிக்கும் என்று பார்க்கிற சோதனையில், ஈ.கோலை என்று இருந்தது. கீழே மருந்துப் பெயர்கள் வரிசையாக. பாதிக்கு மேல் 'ஆர்' என்ற எழுத்து. அந்த மருந்து இந்தக் கிருமியிடம் பலிக்காது என்று அர்த்தம். வாழ்க்கையில் அந்த மாத்திரைகளில் பலவற்றை நான் கையால் தொட்டதுகூட இல்லை. தொடாத மருந்துக்கு என் உடம்பில் இருக்கிற கிருமி எப்படிப் பழகியது? அதைத் தேடித்தான் இத்தனையும் படிக்க ஆரம்பித்தேன். கோழிப் பண்ணைகளில் நோய்க்கு மட்டுமில்லை, சீக்கிரம் எடை ஏறுவதற்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உயிர் போகிற நிலையில் மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கிற கோலிஸ்டின் என்ற மருந்தையே கோழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய சுகாதார அமைச்சகம் அதைத் தடை செய்தது. எனக்கு வந்த கிருமி கோழியில் இருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் பண்ணையில் எவரோ கொடுத்த மருந்து, கடையில் ஒரு கட்டை, வீட்டில் ஒரு சிங்க் என்று இத்தனை கண்ணி இருக்கிற ஒரு சங்கிலியில், கேள்வி கேட்கப்படுவது கடைசியில் நிற்கிற பொம்பளையின் பாவாடையைப் பற்றி மட்டும்தானா?

"ஆம்பளைங்களும் சமைக்கிறாங்க." சமையுங்கள், சந்தோஷம். ஆனால் ரீல் முடிந்த பிறகு அந்த மேடையைத் துடைத்தது யார்?

பஸ்ஸில் போகும்போது என் அம்மா தண்ணீர் குடிக்காது. திருச்சி போகிற மூன்று மணி நேரமும் ஒரு வாய் குடிக்காது. வழியில் நிறுத்துகிற இடத்தில் கால் வைக்க முடியாது என்று அதற்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த முப்பது வருஷமும் அப்படித்தான், காலையில் ஒரு காபி, பிறகு வீட்டுக்கு வந்துதான். கிருமி எங்கிருந்து வந்தாலும் அதை வெளியே தள்ளுவது தண்ணீர்தான், அந்தத் தண்ணீரைக்கூடப் பயந்து பயந்து குடித்தது. நான் இந்த ரீல் சண்டையைப் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கும் வரும்டி அப்பெல்லாம். பார்லி கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துக்குவேன். உங்கப்பாகிட்டகூடச் சொன்னதில்ல" என்றது. அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் நானும் இருந்தேன். எனக்குத் தெரியாது.

எமோஜி போட்ட இருநூறு பேரில் எத்தனை பேருடைய அம்மா இப்படிப் படுத்துக்கொண்டாரோ.

பொதுவில் எனக்கு ஆதரவாக ஒரு பெண்கூட எழுதவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். உண்மைதான். இன்பாக்ஸில் பதினாலு பேர் எழுதியிருக்கிறார்கள். யார் பெயரையும் சொல்ல மாட்டேன். அதில் ஒரு தங்கைக்கு இருபத்திரண்டு வயது, மாமியார் வீட்டில் இருக்கிறாள், ஆறு மாதத்தில் இது நாலாவது தடவை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்தி, திரும்ப வாங்கிப் போட்டிருக்கிறாள். கல்ச்சர் எடுத்ததே இல்லை. இடுப்புக்கு மேலே முதுகு வலிக்கிறது, ராத்திரி குளிருகிறது என்கிறாள். துணைக்கு யாருமில்லை, தனியாகப் போய் என்ன சொல்வது என்று கேட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகிறேன். கமெண்ட்டுகளுக்கு ராத்திரி வந்துதான் பதில் எழுத முடியும்.