கும்பம் குறியீடு இல்லை, சேர்

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் நடந்ததை உங்களில் பலர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். இரண்டாவது வரிசையில் எழும்பி நின்று கேள்வி கேட்ட அந்த வயதான மனுசி என் அம்மா. இதுவரை நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் மூன்று நாளாக எனக்கு நித்திரை இல்லை.

பேச வந்த சேர் நல்லாய்த்தான் தொடங்கினார். நவராத்திரியின் வரலாறு, கும்பத்தில் அம்மனை அழைத்து, ஒன்பது இரவு கும்பிட்டு, கடைசியில் வழியனுப்பும் திருகோணமலைக் கும்பவிழாவின் சிறப்பு, எல்லாம் சரி. அப்புறம் ஒரு வசனம் சொன்னார்: "கும்பம் என்பது வெறும் குறியீடு, சக்தியின் வெளிப்பாடு." ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார். அதற்குத்தான் அம்மா கேட்டார்: "குறியீடு எண்டா கடைசி நாள் ஏன் தம்பி 'போயிட்டு வா ஆத்தை' எண்டு அனுப்புறம்? குறியீட்டுக்கு ஆராவது போயிட்டு வா எண்டு சொல்லுவாங்களா?"

மண்டபம் சிரித்தது. சேரும் சிரித்தார். "அம்மா, ரெண்டும் ஒண்டுதான், சொல்லுதான் வேற" என்றார். அம்மா இருந்துவிட்டார்.

ரெண்டும் ஒன்று இல்லை, சேர்.

குறியீடு என்ற சொல்லையே பாருங்கள். குறி, இடுதல். யாரோ இடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இடுகுறிப் பெயர் என்று படித்தோமே, அதே இடுதல்தான். சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும் என்பது நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டதால் நடக்கிறது. நாளைக்கு எல்லோரும் கூடி ஊதாவுக்கு மாற்றினால் ஊதாவுக்கு நிற்போம். வெளிப்படுதல் அப்படியா? உள்ளே இருப்பது வெளியே வருகிறது. அதற்கு யாருடைய கையொப்பமும் தேவையில்லை. குறியீடு நாம் இடுவது. வெளிப்பாடு தானாக வருவது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

நம்முடைய ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. அந்தச் சூடு நிலத்துக்குக் கீழே இருக்கும் வெப்பத்தின் வெளிப்பாடு. ஒரு பலகையில் வாளியும் ஆவியும் கீறி வீதியில் நட்டால் அது குறியீடு. பலகையைத் தொட்டால் கை சுடாது. பலகையைக் கழற்றினால் கிணறு ஆறிப்போகாது. கிணறு ஆறிப்போனால் கீழே ஏதோ மாறிவிட்டது என்று பயப்பட வேண்டும். இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. இதைத்தான் அந்த மனுசி ஒரு கேள்வியில் கேட்டது.

சிலர் இப்போதே எழுதத் தொடங்கியிருப்பீர்கள். குடம் தசை, நூல் நரம்பு, தண்ணீர் இரத்தம், தேங்காய் தலை, மாவிலை சடை என்று சைவசமயப் பாடத்தில் நாமே படித்தோம், அதெல்லாம் குறியீடு இல்லையா என்று. நியாயமான கேள்வி. இதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆம், அவை குறியீடுகள். குடமும் நூலும் இலையும் ஒரு உடம்பைக் குறிக்கின்றன. ஆனால் அதோடு விட்டுவிடுகிறோமா? அதற்குப் பிறகு ஆவாகனம் இருக்கிறது. வா என்று அழைக்கிறோம். வந்த பிறகு அதே குடத்தை யாரும் தண்ணீர் மொள்ள எடுப்பதில்லை. முடிவில் உத்வாசனம், வழியனுப்புதல். அம்மா கேட்டது இதை. வந்தவருக்குத்தான் விடை கொடுக்க முடியும்.

கோவில் திருப்பணி பார்த்தவர்களுக்கு இன்னும் தெளிவாய்த் தெரியும். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் பாலஸ்தாபனம் செய்கிறார்கள். மூலமூர்த்தியிலிருக்கும் சக்தியைக் கும்பத்துக்கு எடுக்கிறார்கள், கலாகர்ஷணம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் சிற்பாசாரி அந்தக் கருவறைக்குள் உளி வைக்கலாம். வெறும் குறியீடு என்றால் எதற்கு இந்தப் பாடு? கடைப் பெயர்ப்பலகைக்குப் பெயின்ற் அடிக்கும்போது அதிலிருக்கும் சக்தியை யாரும் வாளிக்கு மாற்றுவதில்லை.

சம்பந்தர் கடல் தாண்டி இங்கே வரவில்லை. இராமேச்சரத்திலிருந்து நம் கோணேசரைப் பாடினார் என்பது மரபு. பாட்டுக்குப் பாட்டு 'கோணமாமலை அமர்ந்தாரே' என்றுதான் முடிக்கிறார். அமர்ந்தார். இருக்கிறார். 1622இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்துத் தள்ளிய பிறகும் ஊர் அந்த மலையை விடவில்லை. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அம்பாளும் வந்தார்கள். இடிபடும் காலத்தில் ஊரார் புதைத்து ஒளித்தார்கள் என்றே கேட்டு வளர்ந்தோம். ஒரு சின்னத்தைக் காப்பாற்ற அல்ல, ஒருவரைக் காப்பாற்ற ஒளித்தார்கள். சுயம்பு, அதாவது தானாய்த் தோன்றியது, என்று ஒரு சொல்லை வைத்திருக்கிற மக்களிடம் வந்து வெளிப்பாடும் குறியீடும் ஒன்று என்கிறீர்களே.

இது சைவருக்கு மட்டுமான பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதிகளான மார்ட்டின் லூத்தரும் சுவிங்லியும் இதே விடயத்துக்காகத்தான் மோதிப் பிரிந்தார்கள். நற்கருணை அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் உண்மையாய் இருக்கிறதா, அல்லது அப்பம் அதைக் குறிக்கிறதா? மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒத்துப்போனவர்கள், இந்த ஒன்றில் ஒத்துப்போக முடியவில்லை. "சொல்லுதான் வேற" என்று யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னோடு வேலை செய்யும் கத்தோலிக்கத் தோழியிடம் நற்கருணை ஒரு குறியீடு என்று நான் சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் மட்டும் யாரும் எதையும் சொல்லலாம்.

கடவுளே இல்லை என்பவர்களுக்கு ஒன்று. உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. "அந்தக் கும்பத்தில் ஒன்றும் வரவில்லை" என்று நேரே சொல்லுங்கள். அது மறுப்பு, அதற்கு ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் அம்மா நம்புவதை எடுத்து, வேறு பெயர் ஒட்டி, "நீங்கள் நம்புவது உண்மையில் இதுதான் அம்மா" என்று அவருக்கே திருப்பிக் கொடுப்பது மறுப்புக்கூட இல்லை.

'அறிகுறி'யிலும் குறி இருக்கிறதே என்று ஒருவர் நேற்றே கேட்டார். இருக்கிறது. ஆனால் அது யாரும் இட்ட குறி இல்லை, நாம் அறிந்துகொள்வதற்காக உடம்பு காட்டும் குறி. இந்த வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பாவால் தெரியும்.

அப்பாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது ஒரு இடத்தில் காட்டினோம். இடத்தின் பெயர் வேண்டாம். "வயசு போனதின் அடையாளம், காலைத் தூக்கி வைச்சிருக்கச் சொல்லுங்கோ" என்றார்கள். அம்மா மட்டும் நம்பவில்லை. "உள்ளுக்கு ஏதோ இருக்கு, அதுதான் வெளியில வருது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். படித்த நாங்கள் எல்லோரும் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னோம். ஏழு மாதத்துக்குப் பிறகு இரத்தம் சோதித்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. அந்த வீக்கம் வயசின் அடையாளம் இல்லை. உள்ளே இருந்த நோய்தான் வெளியே வந்து நின்றது.

அன்றும் அம்மா சொன்னது சரி. அன்றும் அவரை இருத்திவிட்டோம், நானும் சேர்ந்துதான்.

அந்த வருடம்தான் அம்மா முதல்முறையாகக் கும்பத்துமாலில், கும்பம் வைக்கும் பந்தலில், ஒன்பது இரவும் இருந்தார். அப்பா ஆஸ்பத்திரியில். கடைசி இரவு கும்பம் தூக்கியவர் ஆடிக்கொண்டு வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றார். வேப்பிலையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அழுததை அன்றுதான் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் அழவே இல்லை. அந்த நேரத்தில் அங்கே நின்றது யார் என்று அம்மாவைக் கேளுங்கள், மேடையில் நின்று விளக்காதீர்கள்.

சேர் நல்ல மனுசன், கெட்ட நோக்கத்தில் சொல்லவில்லை என்கிறார்கள். இருக்கட்டும். சிரித்த நூற்றைம்பது பேருக்கும் கெட்ட நோக்கம் இல்லைத்தான். அந்தச் சிரிப்பை வெட்டிப் பாட்டுப் போட்டுப் பகிர்ந்த பிள்ளைகளுக்கும் இல்லை. ஒருவருக்கும் கெட்ட நோக்கம் இல்லாமல்தான் அம்மா மூன்று நாளாகக் கோவிலுக்குப் போகாமல் இருக்கிறார். "நான் பிழையாய்க் கேட்டுட்டனோ பிள்ளை?" என்று நேற்றும் கேட்டார். எழுபத்தொரு வயதில், தான் கும்பிட்டது சரியா என்று என்னிடம் கேட்கிறார்.

நீங்கள் பிழையாய்க் கேட்கவில்லை அம்மா. அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நாளைக்கு இரவு கும்பம் எங்கள் ஒழுங்கையால் வரும். படலைக்கு முன்னால் நிறைகுடம் வைத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பேன். வீடியோ எடுப்பவர்கள் எடுங்கள். அவர் "போயிட்டு வா ஆத்தை" என்று சொல்லும்போது மட்டும் ஃபோனைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.