ஊரார் லிஸ்ட், என் லீவு

“சாவதற்குள் ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்த்துவிட வேண்டும்” என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் லிஸ்ட் போட்டிருக்கிறார்கள். கூட்டிப்போகிற வேலை வேலூரில் இருக்கும் எனக்கு. 2007-இல் கும்பாபிஷேகம் ஆனதிலிருந்து இதே கதைதான். அந்த நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடக்கணும். பாதியில் பெரியப்பாவுக்கு முட்டிவலி வரும், சித்தி பையை என் கையில் திணிப்பார், நடுவே “ஏம்ப்பா, இதெல்லாம் அசல் தங்கமா?” என்று கேள்வி வேறு. அப்புறம் கோட்டை, அகழி, கிளம்பும்போது ஆற்காடு மக்கன் பேடா.

என் ஆசை லடாக் கூட இல்லை. ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்க்கணும், அவ்வளவுதான். பைக்குக்கு பெட்ரோல் போட்டு வைத்தால் போதும், காலையிலேயே போன்: “மாப்ள, காட்பாடி வந்துட்டோம், எந்தப் பக்கம் வெளியே வரணும்?”